இல்லாத ஆஸ்பத்திரியின் நிழல்

சண்டை முடிந்து, முள்ளுக்கம்பி முகாமிலே மூன்று வருசம் கிடந்து, "போங்கோ, இனி உங்கடை ஊர்" என்று ஒருநாள் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிவிட்டபோது நாவற்கண்டல் சனம் கண்டது இதுதான்: பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் பள்ளிக்கூடம் இல்லை, கடைசி நாலு மாதமும் அதற்குள்ளே நடந்த ஆஸ்பத்திரியும் இல்லை, ஒரு செங்கல், ஒரு ஓட்டுத்துண்டு, ஒரு கதவுப் பிணைச்சல்கூட இல்லை, புல்டோசர் வாரி வழித்துத் துடைத்துவிட்ட வெள்ளை மணல்தான் கிடந்தது, ஆனால் அந்த மணலின்மேல் கட்டடத்தின் நிழல் விழுந்துகொண்டிருந்தது. காலையில் மேற்கே நீண்டு, உச்சியில் குறுகி, பின்னேரம் கிழக்கே கடலைப் பார்த்துச் சரிந்து, மற்ற நிழல்கள் செய்கிற எல்லாவற்றையும் ஒழுங்காய்ச் செய்தது. பதினொரு சன்னல் இருந்ததே, அந்தப் பதினொன்றும் சதுரச் சதுர வெயிலாய் மணலில் கிடந்தன. கூரையில் பிளேன்காரனுக்குத் தெரியட்டும் என்று பூசிய சிவப்புச் சிலுவை இருந்ததே, அதுகூட நடு நிழலில் ஊறிய வெற்றிலைக் கறை மாதிரி மங்கலாய்த் தெரிந்தது.

சனத்துக்கு ஆச்சரியம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. ஆச்சரியப்படுவதற்கு மனிசருக்குக் கொஞ்சம் ஓய்வும் வயிற்றில் கொஞ்சம் சோறும் வேணும், பாருங்கோ. சந்தேகப்பட ஒன்றுமே தேவையில்லை. இது ஆருடைய வேலை என்றுதான் முதலில் கேட்டார்கள். ஆர் இதற்கு முன்னால் நின்று அழுகிறார்கள் என்று பார்க்க ஆமி போட்ட பொறி என்றார்கள் சிலர். மணலுக்குக் கீழே வயர் ஓடுகிறது என்றார்கள் வேறு சிலர். ஒரு மாதம் முழுக்க அந்தப் பக்கம் போனவர்கள் எல்லாரும் நிழலைப் பார்க்காத மாதிரி, பார்க்காததை மற்றவர்கள் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு போனார்கள்.

நாய்கள்தான் முதலில் போய்ப் படுத்தன. பிறகு ஆடுகள். பிறகு, மீன்காரி பிலோமினா, ஊரில் ஆருக்கும் பயப்படாதவள், ஒருநாள் வெயிலில் மீன் நாறப்போகிறது என்ற எரிச்சலில் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் முதலாம் சன்னலுக்குப் பக்கத்தில் வைத்தாள், "பிடிக்கிறவன் வந்து பிடிக்கட்டும்" என்று. ஒருவரும் பிடிக்கவில்லை. அடுத்த கிழமை மரக்கறிக்காரர் வந்தார், அதற்கடுத்த கிழமை பஸ் தரிக்கும் இடம் தானாகவே அங்கே மாறிற்று. ஆனி மாதத்து வெயிலில் காவலுக்கு நிற்கிற ஆமிப் பெடியளும் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பதினோராம் சன்னல் பக்கமாய் வந்து இருந்தார்கள். நிழல் அவர்களைத் தள்ளவில்லை. தங்கள் ஆட்களை எந்தச் சன்னலுக்குக் கீழே கிடத்தியிருந்தார்கள் என்று தெரிந்த சனம் அந்தந்தச் சன்னலின் வெயில்துண்டு எங்கே வருகிறதோ அங்கே வந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டுப் போகும். மணலில் மருந்து மணக்கிறது என்று சொன்னவர்களும் உண்டு. இல்லை, அது பிலோமினாவின் கருவாடு என்றவர்களும் உண்டு.

அரசாங்கமும் தன்னாலானதைச் செய்து பார்த்தது. லொறி லொறியாய்ச் சிவப்பு மண் கொட்டினார்கள். நிழல் சிவப்பு மண்ணின்மேல் விழுந்தது. மேலே தகரக் கொட்டகை போட்டார்கள். நிழல் தகரத்தின்மேல் ஏறிக்கொண்டது. கடைசியில் கொட்டகையைக் கழற்றிவிட்டு, இங்கே படம் எடுப்பது தேசியப் பாதுகாப்புக்கு விரோதம் என்று மூன்று பாசையில் ஒரு பலகை நட்டார்கள். வானிலை கந்தோரிலிருந்து ஒரு கடிதமும் வந்தது: அது நிழல் அல்ல, அசையாமல் நிற்கும் ஒரு மேகம் என்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைக் கண்டிருக்கிறோம். பூசணிக்காயைத் தின்று முடித்தபிறகு அதன் நிழலை மறைக்கச் சோறு தேடினவர்களை நாவற்கண்டலில்தான் கண்டோம்.

ஊரில் ஒரே ஒரு மனிசர் மட்டும் அந்த நிழலுக்குள் கால் வைக்கவில்லை. அவர் சேர்வேயர் சிவகடாட்சம். நாற்பது வருசம் அரசாங்கத்துக்குக் காணி அளந்தவர். வீட்டிலிருந்து சந்தைக்கு அப்பால் இருக்கிற தேத்தண்ணிக் கடைக்கு நேரே வந்தால் முந்நூறு அடி. அவர் நிழலுக்குள் கால் படாமல் கடற்கரையோடு சுற்றி அரை மைல் நடந்து வருவார், அதே வழியில் திரும்பிப் போவார். சனமும் அவரைக் கூப்பிடவில்லை. அவர் தேத்தண்ணிக் கடைக்குள் வந்தால் கதை நிற்கும். தேத்தண்ணி வரும், சீனி போதுமா என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்று அவர் முதுகுக்குக் கேட்கிற மாதிரி ஆராவது சொல்வார்கள். அவருக்கும் அது கேட்கும்.

ஏனென்றால் ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தவர் அவர்தான்.

அது நடந்தது சண்டையின் கடைசி மாதம். சனத்தை எல்லாம் கடலுக்கும் உப்புநீர்க் களப்புக்கும் நடுவில் ஒரு மணல் துண்டுக்குள் நெருக்கி வைத்து நாலாபக்கமும் அடித்துக்கொண்டிருந்த நாட்கள். ஆஸ்பத்திரியை அடிக்கக்கூடாது என்று உலகத்தில் ஒரு சட்டம் இருக்கிறதாம். ஆனால் அடிக்கிறவனுக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமாம். தெரியாமல் அடித்தால் அது தவறு, தெரிந்து அடித்தால் அது குற்றம். வெள்ளைக்கொடி கட்டி வாகனத்தில் வந்த நிவாரணக்காரர் டொக்டரிடம் சொன்னது அதுதான்: இடத்தைச் சரியாய், உலகப்படத்து அகலாங்கு நெட்டாங்கு எண்ணில் எழுதித் தாருங்கள், நாங்கள் படைத் தலைமையிடம் கொடுக்கிறோம், பிறகு தெரியாது என்று அவர்கள் சொல்ல முடியாது. டொக்டரிடம் இருந்த, இடம் காட்டுகிற செய்மதிப் பெட்டிக்குப் பற்றரி இல்லை. ஆகவே சிவகடாட்சத்தைக் கூப்பிட்டார்கள். அவர் தன்னோடு கடைசிவரை காவிக்கொண்டு வந்தது இரண்டே சாமான்: ஒன்று பழைய வரைபடத் தாள், மற்றது காணி அளக்கிற இரும்புச் சங்கிலி, நூறு கண்ணி, இருபது மீட்டர் நீளம். ஏழாம் சன்னலுக்குக் கீழே, காலில் காயப்பட்டுக் கிடந்த தன் மனிசி நேசமலரின் பக்கத்தில் குந்தியிருந்து, ஒரு கையில் அவளுடைய சேலைன் போத்தலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் கணக்குப் போட்டு எண்ணை எழுதினார்.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் இந்தத் தீவை அளந்தவர்கள் பூமி இவ்வளவு பருமன் என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டு வரைபடம் கீறினார்கள். பிறகு வந்த செய்மதிகள் பூமிக்கு வேறொரு கணக்கு வைத்திருக்கின்றன. அதனால் பழைய தாளில் எடுத்த எண்ணை அப்படியே செய்மதிப் பெட்டிக்குள் போட்டால், இடம் இருநூறு மீட்டருக்கும் மேலே மேற்கே தள்ளிப் போய் விழும். எந்தச் சேர்வேயருக்கும் இது தெரியும். பழைய எண்ணோடு ஒரு திருத்தத்தைக் கூட்டி, எந்தக் கணக்கில் எழுதியது என்று தாளின் அடியில் குறித்துவிடுவது அவர்களுக்குத் தொழில் வழக்கம்.

சிவகடாட்சம் கூட்டினாரா?

அவருக்கு ஞாபகம் இல்லை. இரண்டு நாள் சோறில்லாத தலை, கையில் போத்தல், வெளியில் சத்தம். கடதாசியைக் கொடுத்துவிட்டு வந்து, "இனிப் பயமில்லை, எழுதிக் குடுத்திட்டன்" என்று மனிசிக்குச் சொன்னது ஞாபகம் இருக்கிறது. அவள் சிரித்தது ஞாபகம் இருக்கிறது. "பிழை விடேல்லைத்தானே? சந்தைக்குப் போனாலே ஒண்டை மறந்திட்டு வாற ஆள் நீங்கள்" என்று அவள் சொன்னது, ஐயோ, அந்தக் குரலோடு ஞாபகம் இருக்கிறது. கூட்டினது மட்டும் ஞாபகம் இல்லை. மூன்றாம் நாள் அவர் கடற்கரைப் பக்கம் கஞ்சிக்கு வரிசையில் நின்றபோது ஆஸ்பத்திரிக் கூரை விழுந்தது. நேசமலரோடு அறுபத்திரண்டு பேர்.

ஒன்பது வருசமாய் அந்த மனிசரின் நெஞ்சுக்குள் ஓடியது ஒரே கேள்வி. தான் சரியாய் எழுதியிருந்தால் அவர்கள் தெரிந்தே கொன்றார்கள். தான் பிழையாய் எழுதியிருந்தால், காக்க வேண்டிய இடத்தை எங்கேயோ காட்டி, தன் மனிசியோடு அறுபத்திரண்டு பேரையும் தானே கொன்றார். நிழலை அளந்தால் தெரிந்துவிடும் என்றும் இல்லை, கொடுத்த எண்ணே ஞாபகமில்லையே. ஆனாலும் நிழலுக்குள் போக அவருக்குத் துணிவு வரவில்லை. ஊர் சந்தேகப்பட்டதோ வேறு மாதிரி: சேர்வேயர் குறி காட்டிக் கொடுத்தவர் என்று. "நீங்கள் எழுதின கடதாசி கடைசியிலை ஆற்றை கையுக்குப் போனது, சேர்வேயர்?" என்று, அவர் நிழலுக்கு வெளியே நின்று மீன் கேட்டபோது, பிலோமினா ஒருக்கால் சந்தைக்கே கேட்கிற மாதிரிக் கேட்டாள். அவளுடைய தங்கச்சி நாலாம் சன்னலில் போனவள். அவர் மீனை வாங்காமல் போனார்.

பத்தாவது வருசம் சித்திரையில், வெளிநாடுகள் நெருக்கினதாலோ என்னவோ, ஒரு விசாரணைக் கமிசன் வந்தது. வருசப்பிறப்புக்கு முதல்நாளைப் பார்த்துத் தேதி வைத்தார்கள். சனம் பலகாரம் சுடப் போய்விடும், ஒருவரும் வர மாட்டார்கள் என்றுதான் வைத்தார்கள் என்று ஊர் சந்தேகப்பட்டது, சந்தேகப்பட்டதாலேயே முழு ஊரும் வந்தது. தலைவர் ஓய்வுபெற்ற ஒரு நீதவான், நல்ல மனிசர் மாதிரித்தான் இருந்தார். அரசாங்கத்துக்காக ஒரு பெரிய சட்டத்தரணி, கறுப்புக் கோட்டோடு. பாசை மாற்றிச் சொல்ல ஒருவர், தட்டெழுத ஒரு பிள்ளை. பிரதேச செயலகத்தில் கரண்ட் இல்லை, மண்டபம் போறணை அடுப்பு மாதிரிக் கொதித்தது. ஆகவே மேசை கதிரைகளைத் தூக்கிக்கொண்டு வந்து, ஊரில் குளிர்ச்சியான ஒரே இடத்தில் போட்டார்கள். அது எந்த இடம் என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்த இடத்தில் எக்காலத்திலும் எந்தக் கட்டடமும் இருந்ததில்லை என்ற அறிக்கையைச் சட்டத்தரணி அந்தக் கட்டடத்தின் நிழலில் இருந்துதான் வாசித்தார். வெயில் ஏற ஏற நிழல் கிழக்கே ஒதுங்கியது. அரை மணிக்கு ஒருக்கால் கமிசனும் கதிரையைத் தூக்கிக்கொண்டு பின்னாலே ஒதுங்கியது.

சட்டத்தரணியின் வாதம் மூன்று தட்டு. கட்டடம் இருக்கவில்லை என்பது முதல் தட்டு. இருந்தாலும் யுத்தச் சட்டம் காப்பது கட்டடங்களைத்தான், நிழல்களை அல்ல, நிழல் ஒரு சாட்சியாக எந்தத் தீர்ப்பிலும் ஏற்றுக்கொள்ளப்பட்டதில்லை என்பது இரண்டாவது. சரி, கட்டடமும் இருந்தது என்றே வைத்தாலும், எங்களுக்கு அறிவிக்கப்பட்ட இடத்தில் அது இருக்கவில்லை என்பது மூன்றாவது. அதைச் சொல்லத்தான் சிவகடாட்சத்தைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து நிழலுக்கு நாலு முழம் வெளியே, கொதிக்கிற மணலில் நின்றார். உள்ளே வரும்படி தலைவர் இரண்டுதரம் சொல்லிப் பார்த்தார். "இதிலை நிக்கிறன் ஐயா" என்றார் அவர்.

சட்டத்தரணி ஒரு கோப்பைத் திறந்தார். படைத் தலைமைக்குக் கிடைத்த கடதாசி அதற்குள் இருந்தது, ஒன்பது வருசமாய் ஒருவரும் கண்டிராத கடதாசி. இது உங்களுடைய எழுத்தா என்று கேட்டார். ஓம் என்றார் சிவகடாட்சம். எண்ணை உரக்க வாசித்தார்கள். கிழவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நாற்பது வருசத் தொழில். எண்ணைக் கேட்டதும் பழைய தாளில் அது எங்கே விழும், செய்மதியில் எங்கே விழும் என்று மண்டைக்குள் தானாய் ஓடியது. கூட்டவில்லை. அடியில் குறிக்கவும் இல்லை. நேசமலர் கேட்டது சரி, ஒன்றை மறந்துதான் வந்திருக்கிறார்.

"அப்போ இந்த எண் எங்கே விழுகிறது?" என்று சட்டத்தரணி கேட்டார், தெரிந்துகொண்டே.

"மேற்காலை. களப்புப் பக்கம், உப்புத் தரவைக்குள்ளை. வெறும் வெளி." அவருடைய குரல் எழும்பவில்லை. "பிழை என்ரை பிழை, ஐயா."

கூட்டத்துக்குள் ஒரு இரைச்சல் போனது. சட்டத்தரணி அதை நன்றாய் அடங்கவிட்டு, ஒவ்வொரு சொல்லையும் தட்டெழுதுகிற பிள்ளைக்கு நேரம் கொடுத்துச் சொன்னார்: படை அந்தக் கடதாசியை மதித்தது. அதில் எழுதியிருந்த இடத்தை ஆஸ்பத்திரி என்று வரைபடத்தில் குறித்து, அதைச் சுற்றி ஒரு குண்டு, ஒரே ஒரு குண்டுகூட விழாமல் கடைசிவரை காத்தது. துயரம் நடந்திருந்தால் அதற்குப் பொறுப்பு இந்த முதியவரின் கவனக்குறைவு, அதற்காக நாம் அவரை மன்னிக்கலாம். பெருந்தன்மைக்கு ஒரு குறைவும் இல்லை, பாருங்கோ. சிவகடாட்சம் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாக வேண்டும் போல இருந்தது அவருக்கு, வேறொன்றும் இல்லை.

பிலோமினாவுக்குச் சேர்வேயரில் இரக்கம் வந்து அவள் எழும்பவில்லை. ஒன்பது வருசம் சந்தேகப்பட்ட மனிசன் எல்லாருக்கும் முன்னால் பிழையை ஒத்துக்கொண்டதில் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தியும் இருந்திருக்கும். ஆனால் மீன் விற்கிறவளுக்கு ஒரு குணம்: கண்ணுக்கு முன்னால் நிறையில் பொய் சொன்னால் பொறுக்காது. அவள் பெட்டியைத் தள்ளிவிட்டு எழும்பினாள்.

"தரவைக்குள்ளை ஒண்டும் விழேல்லையெண்டு ஆர் சொன்னது? முதல் மூண்டும் அங்கைதானே விழுந்தது."

தலைவர் அவளை இருக்கச் சொன்னார். அவள் இருக்கவில்லை. அன்றைக்குக் காலமை நடந்ததைச் சொன்னாள்: களப்புப் பக்கம் வெறும் வெளிக்குள் ஒன்றன்பின் ஒன்றாய் மூன்று செல் வந்து விழுந்ததையும், மரமில்லை, மனிசரில்லை, ஒரு கொட்டில்கூட இல்லை, உப்புக்கு அடிக்கிறாங்கள் விசரங்கள் என்று சனம் சிரித்ததையும், பிறகு அடி நின்று, சனம் வண்டு என்று சொல்லும் ஆளில்லாத வேவுப் பிளேன் அரை மணித்தியாலம் மேலே சுற்றிச் சுற்றிப் பறந்ததையும், அதற்குப் பிறகுதான் நாலாவது செல் நேரே சிலுவையில் வந்து விழுந்ததையும். அந்த மூன்று செல்லும் தோண்டின கிடங்கு மழையில் ஒன்றாகி இப்போது எருமை புரள்கிற குழி, ஊரில் எல்லாருக்கும் தெரியும் என்றாள். சனம் தலையாட்டியது. சேர்வேயருக்கு மட்டும் தெரியவில்லை; அன்றைக்குக் கடற்கரைக் கஞ்சி வரிசையில் நின்ற அவர் அந்தக் குழியை எருமை தோண்டின குழி என்றே நினைத்திருந்தார். மூன்று செல்லும் விழுந்த இடத்தைக் கண்டவர்களுக்குக் கடதாசியில் இருந்த எண் தெரியாது. எண்ணை எழுதினவருக்கு மூன்று செல் விழுந்தது தெரியாது. ஊரும் அவரும் ஒன்பது வருசம் முகம் கொடுத்துக் கதைத்திருந்தால் ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் வெளித்திருக்கும் விசயம்.

சிவகடாட்சம் தலையை நிமிர்த்தினார்.

ஒரு துண்டுக் கடதாசி கேட்டார். நின்ற நிலையிலேயே ஏதோ எழுதி, நாலாய் மடித்து, கையை மட்டும் நிழலுக்குள் நீட்டித் தலைவரிடம் கொடுத்தார். "பிரிக்காமல் வைச்சிருங்கோ ஐயா. இனி அளப்பம்." பிறகு வீட்டுக்குப் போய்க் கட்டிலுக்குக் கீழே கிடந்த சங்கிலியை எடுத்துக்கொண்டு வந்தார்.

நேரம் உச்சி. சித்திரைப் பிறப்பை ஒட்டி எங்கள் பக்கத்தில் சூரியன் தலைக்கு நேர் மேலே வரும். அந்தச் சில நிமிசம் தென்னைக்கும் நிழலில்லை, மனிசருக்கும் நிழலில்லை, நட்ட பலகைக்கும் நிழலில்லை. அன்றைக்கு நாவற்கண்டலில் நிழல் இருந்தது ஒரே ஒன்றுக்குத்தான், இல்லாத ஒன்றுக்கு. அது பக்கத்துக்கு ஒரு விரல்கூடச் சரியாமல், கட்டடம் நின்ற அதே இடத்தில், அதே நீள அகலத்தில், கச்சிதமாய்க் கிடந்தது. ஒரு சேர்வேயருக்கு வருசத்தில் இதைவிட நல்ல நேரம் கிடையாது.

அளப்பதென்றால் சிலுவையின் நடுவிலிருந்து தொடங்க வேண்டும். சிலுவை நிழலுக்கு நடுவில் இருந்தது. சிவகடாட்சம் செருப்பைக் கழற்றினார். ஆறு வருசம் சுற்றி நடந்த மனிசர், முழு ஊரும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு காலை எடுத்து உள்ளே வைத்தார், பிறகு மற்றக் காலை. ஏழாம் சன்னல் இருந்த இடத்தைத் தாண்டும்போதும் நிற்கவில்லை. சிவப்புப் படிந்த மணலில் ஒரு முளையை அடித்தார். சங்கிலியின் மற்ற நுனியைப் பிடிக்க ஆளில்லை. ஒருவரும் முன்னுக்கு வரவில்லை. பிலோமினாதான் மீன் கையைச் சீலையில் துடைத்துவிட்டு வந்து பிடித்தாள். இரண்டு பேரும் மேற்கே நடந்தார்கள், ஒரு சங்கிலி, இரண்டு சங்கிலி, பின்னால் சனம், சனத்துக்குப் பின்னால் கறுப்புக் கோட்டு, கைலேஞ்சியால் தலையை மூடின தலைவர், இயந்திரத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு தட்டெழுதுகிற பிள்ளை. எருமைகள் எழும்பி வழி விட்டன. குழியின் நடுவில் பிலோமினா முழங்கால் சேற்றில் நின்று நுனியை ஊன்றினாள். பதினொரு சங்கிலி, பதினாலு கண்ணி.

தலைவர் கடதாசியைப் பிரித்தார். திருத்தம் கூட்டாத எண்ணுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் இருக்க வேண்டிய தூரம் என்று சேர்வேயர் எழுதியிருந்தது பதினொரு சங்கிலி, இருபத்துமூன்று கண்ணி. வித்தியாசம் ஒன்பது கண்ணி, ஒரு ஆள் நீளம்.

அப்போதுதான் அவர் குரல் எழும்பிற்று. "ஐயா, இந்த வெளியிலை மனிசர் இல்லை, மரம் இல்லை, எவனும் சுட ஒரு காரணமும் இல்லை. இந்த இடத்தை ஆஸ்பத்திரியெண்டு சொன்னது உலகத்திலை ஒரே ஒரு கடதாசிதான். நான் பிழையா எழுதின கடதாசி. அதைப் பாத்துத்தான் சுட்டிருக்கினம். பிழையெண்டு கண்டவுடனை வண்டை விட்டுத் திருத்திப்போட்டுச் சுட்டிருக்கினம். நான் கூட்ட மறந்ததை அவையள் கூட்டியிருக்கினம்."

எல்லாரும் நிழலுக்குத் திரும்பி வந்தார்கள். சட்டத்தரணி கதிரையில் இருந்துகொண்டு, குழியை ஆரும் வெட்டியிருக்கலாம், செல்தான் விழுந்தது என்பதற்கு இரும்பு எங்கே என்று கேட்டார். இரும்பு இருந்தது. பிலோமினா மீன்பெட்டிக்கு மேலே போட்ட படங்கு பறக்காமல் வைக்கிற பாரம் அந்தக் குழியில் எடுத்த செல்லின் வால்தான், ஊருக்கே தெரியும். ஆனால் செல்லின் துண்டு ஒன்றைக் கையில் வைத்திருப்பதே பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். காட்டினால் காட்டினவள் உள்ளே. ஆகவே சனம் எல்லாம் அந்தப் பாரத்தைப் பார்க்காமல் ஆகாயத்தைப் பார்த்தது. தலைவர் மட்டும் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, இன்றைக்கு இவ்வளவும் போதும் என்றார்.

அறிக்கை வந்தது. நிழலைப்பற்றி வானிலை கந்தோரிடமும் குழியைப்பற்றிக் கால்நடை கந்தோரிடமும் மேலதிக விளக்கம் கேட்கப்படும் என்று அதில் இருந்தது. தட்டெழுதின பிள்ளை சேர்வேயர் சொன்னதில் ஒரு எழுத்தும் விடாமல் அடித்திருந்தாளாம், நூற்றிநாலாம் பக்கம் என்று பிறகு கேள்விப்பட்டோம். அறிக்கை வருவதற்கு முன்னமே, வருசப்பிறப்புக்கு மறுநாள் விடியவே, லொறியில் மண் கொண்டுவந்து எருமைக்குழியை மூடி மட்டமாக்கினார்கள். அதைக் கண்டபிறகுதான் அதுவரை சேர்வேயரை நம்பாத நாலைந்து பேரும் நம்பினார்கள்.

பிலோமினா மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பின்னேரம் அவருடைய வாசல் படலையில் ஒரு விளைமீனைக் கொண்டுவந்து கொழுவினாள். முதல் மூன்றும் தரவைக்குள் விழுந்த அந்த அரை மணித்தியாலத்தில்தான் தன் மகளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரியை விட்டு ஓடினதாகவும், தங்கச்சியைத் தூக்கத் திரும்பி வரத் தனக்கு நேரம் போதாமல் போனதாகவும், அப்படி ஓடித் தப்பினவர்கள் முப்பது பேருக்குக் குறையாது என்றும் சொன்னாள். "நீங்கள் சரியா எழுதியிருந்தால் முதலாவதே கூரையிலைதான், சேர்வேயர்." அவ்வளவுதான் சொன்னாள். அவள் போனபிறகு அவர் படலையைப் பிடித்துக்கொண்டு குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதார்.

அதற்குப் பிறகு அவர் ஒவ்வொரு நாளும் நிழலுக்குள் வந்து இருந்தார். ஏழாம் சன்னலின் வெயில்துண்டு நகர நகர அவரும் பாயை இழுத்துக்கொண்டு நகர்ந்தார். சனம் இடம் விட்டது, சீனி போதுமா என்று கேட்டது. ஒரு கிழமை போயிருக்கும். பின்னேரம் நாலு மணி, நிழல் கடலைத் தொடப்போகிற நேரம், நம்பர் தகடு இல்லாத மோட்டார் சைக்கிளில் சிவில் உடுப்போடு இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். மீன் விற்றவர்கள் தராசைக் கீழே வைத்தார்கள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ் வராமலே எழும்பிப் போனார்கள். பிலோமினா மட்டும் போகவில்லை, படங்குப் பாரமாய்க் கிடந்த அந்த இரும்பின்மேல் ஏறிக் குந்திக்கொண்டாள்.

வந்தவர்கள் மரியாதையாய்த்தான் கேட்டார்கள். பேர் என்ன, அடையாள அட்டை எங்கே, கமிசனுக்குச் சொன்னதை ஆர் சொல்லித் தந்தது, வெளிநாட்டில் ஆர் இருக்கிறார்கள் என்று. அவர் ஒவ்வொன்றுக்கும் நிதானமாய்ப் பதில் சொன்னார். கடைசியில் ஒருவன் ஒரு கொப்பியை நீட்டி விலாசத்தை எழுதச் சொன்னான். மீள்குடியேற்ற வீடு, நம்பர் போடவில்லை என்றார் அவர்.

"அப்ப தேவைப்பட்டா உங்களை எங்கை வந்து பிடிக்கிறது?"

சிவகடாட்சம் கொப்பியை வாங்கி மடியில் வைத்தார். பாயிலிருந்தபடியே ஏழாம் சன்னலைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார், பேனையை எடுத்து மேலே ஒரு எண், கீழே ஒரு எண் எழுதினார், அதன்பக்கத்தில் ஒரு திருத்தத்தைக் கூட்டி, கூட்டியதை இன்னொருதரம் கூட்டிப் பார்த்து, எந்தக் கணக்கில் எழுதியது என்று அடியில் தெளிவாய்க் குறித்து, கையெழுத்தும் வைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இதிலைதான் இருப்பன் தம்பி," என்றார். "இந்தமுறை கூட்ட வேண்டியதைக் கூட்டியிருக்கிறன். உங்கடை பெரியாக்களிட்டைச் சொல்லுங்கோ, முதல் மூண்டும் வீணாப் போகாது."